வேதாளத்துக்குக் கதை எழுதியவர் யார்?

விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கிக்கொண்டு வேதாளம் சொன்ன கதைகள் மொத்தம் 25. ‘வேதாள பஞ்சவிம்சதி’ என்ற சமஸ்கிருதத் தொகுப்பின் பெயரிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கதை வீதம் வெளியிட்டால் இரண்டு ஆண்டும் ஒரு மாதமும் ஓடும். இருபத்தாறாவது மாதம் வேதாளத்திடம் சரக்கு தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் வடபழனியிலிருந்து வெளிவந்த ‘அம்புலிமாமா’வில் அந்த வேதாளம் பல பத்தாண்டுகள் சலிக்காமல் கதை சொல்லிக்கொண்டே இருந்தது. இருபத்தைந்துக்கு மேல் வந்த நூற்றுக்கணக்கான கதைகளை யாரோ மேசையில் உட்கார்ந்து யோசித்து, எழுதி, திருத்தி அச்சுக்கு அனுப்பினார்கள். யார் அவர்கள் என்று கேட்டால், அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்த இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. அது வாசகர்களின் குறை அல்ல. பத்திரிகை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மயிலாப்பூர் லஸ் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது கைக்கு அகப்படும் பழைய அம்புலிமாமா இதழ் ஒன்றைப் பிரித்து, வேதாளக் கதையின் முதல் பக்கத்தைப் பார்க்கலாம். ஒரு கையில் வாள், தோளில் சவம், பின்னால் சுடுகாடு என்று ராஜா நடந்து வரும் படம். படத்தின் ஓரத்தில் ‘சங்கர்’ என்று ஓவியரின் கையெழுத்து. படத்தை ஒட்டி, மனம் தளராத விக்கிரமன் மறுபடியும் மரத்தின் மீதேறிப் பிணத்தை இறக்கி நடக்கும் வழக்கமான தொடக்கம். கடைசியில் வேதாளத்தின் கேள்வி, தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்ற மிரட்டல், ராஜாவின் பதில், மௌனம் கலைந்ததால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறுதல். எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. கதையை எழுதியவர் பெயருக்கு மட்டும் இடமில்லை. ஆனால் அதே இதழில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் முகவரியோடு இருக்கும். அம்புலிமாமாவின் வரலாற்றையும், நீண்டு ஓடும் இளைஞர் கதைத்தொடர்கள் உலகெங்கும் எப்படி இயங்குகின்றன என்பதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு பக்கமே போதும்.

அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது, தெலுங்கில் ‘சந்தமாமா’. திரைப்படத் தயாரிப்பாளர் பி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் நிறுவனர்கள். பின்னர் அது பத்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பரவியது. 1952 வாக்கில் ஆசிரியர் பொறுப்புக்கு வந்து, 1980 ஆகஸ்டில் இறக்கும்வரை அந்த வேலையைப் பார்த்தவர் கொடவட்டிகண்டி குடும்பராவ். தெலுங்கு வாசகர்கள் ‘கொ.கு.’ என்று அழைக்கும் பெரிய நாவலாசிரியர், சிறுகதையாளர். இடதுசாரிச் சிந்தனையாளர், மூடநம்பிக்கையைக் கண்டித்து எழுதியவர். அப்படிப்பட்டவர்தான் மாதந்தோறும் பேய்களுக்கும் மந்திரவாதிகளுக்கும் வசனம் கொடுத்தார். வெளியாரிடமிருந்து வந்த கதைகளைப் பத்திரிகையின் நடைக்கு மாற்றி எழுதியதும் அவர்தான். அவருக்குப் பக்கத்தில் தாசரி சுப்பிரமணியம். ‘பாதாள துர்கம்’ போன்ற மாயாஜாலத் தொடர்கதைகளை எழுதியவர். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்து, 2010 ஜனவரியில் இறந்தார். அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்று பல மொழிப் பிள்ளைகளைக் காக்கவைத்த அந்தத் தொடர்கள் அவர் பெயர் இல்லாமலேயே வெளிவந்தன. தமிழ்ப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு கையும் மறைந்திருக்கிறது. அவர்கள் படித்த தமிழ் வாக்கியங்கள் மொழிபெயர்ப்பாளருடையவை. அந்தப் பெயரும் பக்கத்தில் இல்லை.

ஒரு தொடர் இத்தனை கைகளுக்கு இடம் கொடுப்பது எப்படி? சட்டகம் கெட்டியாக இருப்பதுதான் காரணம். வேதாளக் கதைக்குத் தொடக்கமும் முடிவும் தயார். நடுவில் ஒரு சிக்கல் வேண்டும். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிற சிக்கலாக அது அமைய வேண்டும். ராஜா சொல்லும் தீர்ப்பு வாசகன் எதிர்பாராததாகவும், கேட்டபின் சரியென்று படுவதாகவும் இருக்க வேண்டும். இந்த விதிகள் பிடிபட்டுவிட்டால் கைதேர்ந்த யாரும் அடுத்த கதையை எழுதலாம். நடை சீராக இருக்க ஓர் ஆசிரியர் கடைசியில் கை வைத்தால் போதும். கல்யாண சமையல் ஒப்பந்தக்காரர் பெயரில் சாம்பார் பரிமாறப்படுகிறது. அன்று கரண்டி பிடித்தவர் யார் என்று பந்தியில் யாரும் கேட்பதில்லை. நீண்ட தொடர்களின் பொருளாதாரமும் அதுதான். நிறுவனத்துக்குத் தேவை மாதா மாதம் மாறாத ருசி. எழுதுபவர் நோயில் விழலாம், வேலையை விடலாம், இறக்கலாம். தொடர் நிற்கக் கூடாது.

அமெரிக்காவில் இதை ஒரு தொழிற்சாலையாகவே நடத்திக் காட்டியவர் எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர். 1905 வாக்கில் அவர் தொடங்கிய நிறுவனம் கதைச் சுருக்கத்தைத் தயாரித்து எழுத்தாளர்களிடம் கொடுக்கும். அவர்கள் நாவலாக எழுதித் தருவார்கள். மொத்தத் தொகை ஒன்று கைமாறும். உரிமை முழுவதும் நிறுவனத்துக்கு. அட்டையில் நிறுவனம் உருவாக்கிய ஒரு பெயர் இருக்கும். 1927இல் வந்த ‘ஹார்டி பாய்ஸ்’ தொடருக்கு ஃபிராங்க்ளின் டபிள்யூ. டிக்ஸன், 1930இல் வந்த ‘நான்சி ட்ரூ’ தொடருக்கு கரோலின் கீன். இரண்டு பேருமே பிறக்காதவர்கள். நான்சி ட்ரூவின் முதல் 30 நூல்களில் 23ஐ எழுதியவர் மில்ட்ரட் விர்ட் பென்சன் என்ற பத்திரிகையாளர். தொடக்கத்தில் ஒரு நூலுக்கு 125 டாலர். தான்தான் எழுதியதாக வெளியே சொல்வதில்லை என்று ஒப்பந்தம். 1980இல் பதிப்பகங்களுக்கு இடையே நடந்த ஒரு வழக்கில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகுதான் உண்மை பரவலாக வெளியே வந்தது. அதற்குள் ஐம்பது ஆண்டுகள் போய்விட்டன. ஹார்டி பாய்ஸின் தொடக்க நூல்களை எழுதிய கனடாக்காரர் லெஸ்லி மெக்ஃபார்லேன் 1976இல் சுயசரிதை எழுதித் தன் பங்கைத் தானே சொல்லிக்கொண்டார்.

இந்த நூல்கள் சென்னைக்குப் புதியவை அல்ல. 1955 முதல் இயங்கும் கோபாலபுரத்து ஈஸ்வரி வாடகை நூலகத்திலிருந்து மயிலாப்பூர், தி. நகர், அடையாறு தெருக்களில் ஒரு காலத்தில் செழித்த சின்னச் சின்ன ‘லெண்டிங் லைப்ரரி’கள்வரை, கோடை விடுமுறையில் அதிகம் கைமாறியவை நான்சி ட்ரூவும் ஹார்டி பாய்ஸும்தான். 1980களில் அவற்றோடு ‘ஸ்வீட் வேலி ஹை’ சேர்ந்துகொண்டது. ஃபிரான்சின் பாஸ்கல் 1983இல் தொடங்கிய அந்தத் தொடரில் கதைப் போக்கை அவர் வகுத்துக் கொடுப்பார். வேறு பலர் எழுதுவார்கள். அட்டையில் கேட் வில்லியம் என்ற புனைபெயர் இருக்கும். அதே இரட்டைச் சகோதரிகளைச் சிறுமிகளாக வைத்து ஒரு கிளைத்தொடர், இன்னும் சின்னக் குழந்தைகளாக வைத்து ஒன்று, கல்லூரிக்கு அனுப்பி மற்றொன்று என்று அது பெருகிக்கொண்டே போனது. அடையாறில் ஒரு பெண் ஒரு வாரத்தில் நான்கு புத்தகம் படித்தால், நான்கு வெவ்வேறு எழுத்தாளர்களைப் படித்திருக்கக்கூடும். அவளுக்குத் தெரிந்த பெயர் ஒன்றே.

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் புனைபெயர் என்பது அன்றாட வழக்கம். எஸ். ரங்கராஜன் தன் மனைவி பெயரான சுஜாதாவை எடுத்துக்கொண்டார். சுரேஷும் பாலகிருஷ்ணனும் சேர்ந்து ‘சுபா’ ஆனார்கள். சந்தமாமாவின் நிறுவனர் சக்கரபாணியே ஆலூரி வெங்கட சுப்பாராவ் என்பவரின் புனைபெயர்தான். ஆகவே அட்டையில் இருப்பது உண்மைப் பெயர் இல்லை என்பது ஒரு குற்றமே அல்ல. சுஜாதா என்ற பெயர் சேர்த்த புகழ் முழுவதும் ரங்கராஜனுக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு பத்திரிகையை விட்டு இன்னொன்றுக்குப் போனபோது பெயரும் கூடவே போனது. கரோலின் கீன் கதை வேறு. பென்சன் வெளியேறினாலும் கீன் வெளியேறவில்லை. நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்தார்கள். எழுதுபவர் கையில் இருக்கும் பெயர் அவருக்குச் சொத்து. நிறுவனத்தின் கையில் இருக்கும் பெயர், அவரைச் சத்தமில்லாமல் மாற்றிவிட உதவும் கருவி.

என் வாதம் இதுதான். ஒரு தொடரைப் பலர் எழுதுவதில் ஏமாற்று எதுவும் இல்லை. கிளைக்கதைகள் முளைப்பதிலும் இல்லை. கதை மரபு எப்போதும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. தவறு ஒரே இடத்தில் இருக்கிறது: எழுதியவரின் பெயரை, அவர் விருப்பத்தைக் கேட்காமல், நிறுவனத்தின் வசதிக்காக இல்லாமல் செய்வதில். அது தவிர்க்க முடியாத தொழில் நியதி என்று சொல்வது சரியில்லை என்பதற்கு வடபழனி வளாகமே சாட்சி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் விஜயா-வாகினி ஸ்டூடியோக்காரர்கள். 1955இல் ‘மிஸ்ஸியம்மா’, 1957இல் ‘மாயாபஜார்’ என்று படங்களை எடுத்தவர்கள். அவர்களுடைய படங்களின் தொடக்கத்தில் கதை, வசனம், பாடல் முதல் ஒப்பனை, ஒலிப்பதிவுவரை பெயர்ப் பட்டியல் ஓடியது. ஒரே முதலாளிகள், பக்கத்துப் பக்கத்து வேலை. திரையில் ஒப்பனைக்காரருக்குக் கிடைத்த ஒரு வரி, பத்திரிகையில் கதையாசிரியருக்குக் கிடைக்கவில்லை. பெயர் போடத் தெரியாதவர்கள் அல்ல. அதை அங்கே ஒரு கடமையாக நினைக்கவில்லை.

அச்சிட்டவர் பெயர் மட்டும் தவறாமல் இருந்ததற்குக் காரணம் மரியாதை அல்ல, சட்டம். 1867இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த பத்திரிகை மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களை ஒவ்வொரு இதழிலும் போடச் சொன்னது. ஏதாவது வில்லங்கமாக அச்சாகிவிட்டால் யாரைப் பிடிப்பது என்று அரசுக்குத் தெரிய வேண்டும். ஆகப் பொறுப்பு கேட்பதற்காகப் பெயர் வேண்டும் என்று அரசு கருதிய இடத்தில் பெயர் வந்தது. பாராட்டைக் கொண்டுசேர்க்கப் பெயர் வேண்டும் என்று கேட்க யாரும் இல்லாத இடத்தில் அது வரவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் முதலாவது கனமானது. நாட்டார் கதைக்கு ஏது ஆசிரியர்? வேதாளக் கதை ஊர்ச் சொத்து. அதில் இன்னொரு கதையைச் சேர்த்தவர் ‘நான் எழுதினேன்’ என்று முன்னால் வருவது மரபுக்கே ஒவ்வாது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மரபு வேறு மாதிரி நடந்துகொண்டிருக்கிறது. வேதாளக் கதைகளை நமக்குத் தந்த நூல்களில் ஒன்று, 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரில் சோமதேவர் எழுதிய ‘கதாசரித்சாகரம்’. தன் நூல் குணாட்டியரின் ‘பிருகத்கதை’யிலிருந்து வந்தது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார். அந்தப் பிருகத்கதை இன்று கிடைக்கவில்லை. குணாட்டியர் பெயர் கிடைத்திருக்கிறது. அதே மூலத்தின் வழியில் வந்த தமிழ்ப் ‘பெருங்கதை’யைக் கொங்குவேளிர் பெயரோடுதான் சொல்கிறோம். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புலவர் பெயர் தெரியாமல் போன இடங்களில், பாட்டில் வந்த உவமையையே எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லாம் அப்படிப் பிறந்த பெயர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைய மறதியையே ஏற்றுக்கொள்ளாத மரபு அது. மாதச் சம்பளப் பதிவேட்டில் பெயர் இருந்தும் பக்கத்தில் போடாததற்கு அந்த மரபைத் துணைக்கு அழைப்பது பொருந்தாது.

இரண்டாவது வாதம் வியாபாரத்தைப் பற்றியது. பெயர் மாறிக்கொண்டே இருந்தால் வாசகனுக்கு நம்பிக்கை போய்விடும். குறிப்பாகப் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்கிறார்கள். இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. 1964இல் ராபர்ட் ஆர்தர் தொடங்கிய ‘த்ரீ இன்வெஸ்டிகேட்டர்ஸ்’ தொடரை வில்லியம் ஆர்டன், எம். வி. கேரி போன்றவர்களும் எழுதினார்கள். ஆர்டன் என்பது டென்னிஸ் லிண்ட்ஸின் புனைபெயர். ஆனால் அது அவருடைய சொந்தப் புனைபெயர். ஆட்களைக் கவரத் திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் பெயரும் அட்டையில் இருந்தது. எழுதியவர் பெயரும் இருந்தது. ஆர்தர் 1969இல் இறந்த பிறகும் தொடர் பல ஆண்டுகள் ஓடியது. எனிட் பிளைட்டன் 1968இல் மறைந்தபின், அவருடைய ‘ஃபேமஸ் ஃபைவ்’ பிள்ளைகளை வைத்து 1971 முதல் பிரெஞ்சில் 24 நூல்கள் எழுதினார் குளோத் வாலியே. தன் சொந்தப் புனைபெயரில்தான் எழுதினார். அவற்றில் பல பிறகு ஆங்கிலத்துக்கே மொழிபெயர்க்கப்பட்டன. பெயர் தெரிந்ததால் எந்தப் பிள்ளையும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை.

வெளிநாட்டை விட்டுவிடுவோம், கிளைக்கதை என்றால் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘பொன்னியின் செல்வன்’. 1954இல் கல்கி மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்து ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார் ‘அமுதசுரபி’ ஆசிரியர் விக்கிரமன். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆன பிறகு, சோழர் கதையை வேறு சிலரும் கையில் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் தம் பெயரை அட்டையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ‘கல்கி எழுதியது’ என்று எவரும் விற்கவில்லை. அதனால் என்ன ஆனது? வாசகர்கள் ஒப்பிட்டார்கள், சிலது பிடித்தது, சிலது பிடிக்கவில்லை, வந்தியத்தேவன் இப்படிப் பேச மாட்டான் என்று சண்டை போட்டார்கள். கல்கிக்கு ஒரு குறையும் வரவில்லை. விக்கிரமனுக்கும் அவருக்கு உரிய வாசகர்கள் கிடைத்தார்கள். யார் எழுதியது என்று தெரிந்தால்தான் இந்த விமர்சனமே சாத்தியம். நிறுவனப் பெயருக்குப் பின்னால் ஒருவர் நன்றாக எழுதினாலும் மோசமாக எழுதினாலும் வாசகன் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. பெயரை மறைப்பது எழுத்தாளருக்குச் செய்யும் அநியாயம் மட்டுமல்ல. வாசகரின் தீர்ப்புச் சொல்லும் உரிமையையும் அது பறிக்கிறது.

மூன்றாவது வாதம், நடைமுறைக்காரர்களுடையது. சம்பளம் கொடுத்தாயிற்று, அவரும் சம்மதித்து வாங்கிக்கொண்டார். பிறகு என்ன பேச்சு? இதற்கு இந்தியச் சட்டத்திடமே பதில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதியதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமையைத்தான் முதலாளிக்குத் தருகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், புத்தகமாகப் போடுவது போன்ற மற்ற உரிமைகள் எழுதியவருடையவை. 57ஆவது பிரிவு இன்னும் தெளிவு. காப்புரிமையை முழுவதுமாக விற்றுவிட்டாலும், ‘இதை எழுதியவன் நான்’ என்று சொல்லும் உரிமை எழுத்தாளரிடமே தங்குகிறது. படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் தங்குகிறது. சம்பளம் உழைப்புக்கான விலை. எழுதியவர் என்ற உண்மையை விலைக்கு வாங்கும் பொருளாகச் சட்டம் கருதவில்லை.

பக்கத்து மாநிலத்தில் இது நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ‘போபனும் மோளியும்’ என்ற குறும்புக்கார உடன்பிறப்புகளை வைத்து மலையாள மனோரமா வார இதழில் பல்லாண்டுகள் கேலிச்சித்திரம் வரைந்தவர் டாம்ஸ். 1987இல் அவர் வெளியே வந்து வேறொரு இதழில் அதே பிள்ளைகளை வரையத் தொடங்கியபோது வழக்கு வந்தது. பணியில் இருந்தபோது வரைந்த படங்கள் ஒரு பக்கம் இருக்க, வேலையை விட்டுவந்த படைப்பாளி அந்தப் பாத்திரங்களைத் தொடர்ந்து வரைவதை நிறுவனம் தடுக்க முடியாது என்பதே கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்பின் சாரம். அவர் ஒவ்வொரு படத்திலும் இட்ட கையெழுத்தால் போபனும் மோளியும் யாருடைய பிள்ளைகள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. பெயரில்லாமல் எழுதியவர் இப்படி ஒரு வழக்கில் வெல்ல வேண்டுமானால், முதலில் தான்தான் எழுதினேன் என்பதையே நிரூபித்தாக வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. அதை ஓரளவு ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். சிலர் மறைந்திருக்கவே விரும்புவார்கள். சமூக நாவல் எழுதிப் பேர் வாங்கிய ஒருவர், பிழைப்புக்காக எழுதும் மந்திரவாதிக் கதையில் தன் பெயர் வேண்டாம் என்று நினைக்கலாம். அது அவர் உரிமை. பெயரில்லாமலும் புனைபெயரிலும் வரும் நூல்களுக்குச் சட்டமே தனியாக, வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு என்று காலக்கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் மறைந்திருக்கும் முடிவை எடுக்க வேண்டியவர் எழுத்தாளர். அவரைக் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே விதியாக நிறுவனம் வைத்துவிட்டு, ‘அவர்களுக்கு விளம்பரம் பிடிக்காது’ என்று பின்னால் சொல்லிக்கொள்வது வேறு விஷயம். கொ.கு.வுக்கு அவருடைய நாவல்கள் இருந்தன. அம்புலிமாமாவில் பெயர் வராவிட்டாலும் இலக்கிய வரலாற்றில் அவருக்கு இடம் இருந்தது. வாழ்நாள் உழைப்பு முழுவதையும் பெயரில்லாத தொடர்களில் போட்ட தாசரி போன்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. அந்த ஒரு விதி இருவரையும் ஒன்றுபோலத் தாக்கவில்லை.

ஒரு கையெழுத்தின் மதிப்பு என்ன என்பதை அந்தப் பத்திரிகையின் வரலாறே காட்டுகிறது. வேதாளப் படத்தின் ஓரத்தில் ‘சங்கர்’ என்று எழுதியவர் கே. சி. சிவசங்கரன். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்து, கடைசிவரை அங்கே வரைந்தவர். 2020 செப்டம்பரில் தொண்ணூறு வயதைக் கடந்து இறந்தபோது நாடு முழுவதும் பத்திரிகைகள் அஞ்சலிக் குறிப்பு எழுதின. 2021இல் மறைவுக்குப் பிந்தைய பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தகுதியான மரியாதை. வரைந்த கை யாருடையது என்று வாசகர்களுக்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகத் தெரிந்திருந்ததால் அது அவரைத் தேடி வந்தது. அந்தப் படத்துக்குக் கீழே இருந்த கதைகளையும், அவற்றின் தமிழ் வாக்கியங்களையும் எழுதியவர்களைத் தேடி எந்த மரியாதையாவது புறப்பட்டாலும், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அதற்குத் தெரியாது. இழப்பு அவர்களோடு நின்றுவிடவும் இல்லை. தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தின் வரலாற்றை எழுத உட்காரும் ஆய்வாளர், லட்சக்கணக்கான பிள்ளைகள் தமிழ் உரைநடையை எங்கே கற்றார்கள் என்ற அத்தியாயத்துக்கு வரும்போது வெற்றிடத்தைப் பார்க்கிறார்.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. தி. நகரிலும் மயிலாப்பூரிலும் உள்ள பதிப்பகங்கள் பழைய தொடர்களை மறுபதிப்புச் செய்கின்றன. புகழ்பெற்ற பாத்திரங்களை வைத்து இணையத் தொடர்களும் ஒலிநூல்களும் வரும் காலம் இது. சுஜாதா 2008இல் மறைந்தார். அவர் படைத்த வக்கீல்கள் கணேஷ்-வசந்த் வரும் கதைகளின் காப்புரிமை 2068 முடியும்வரை இருக்கும். அந்த வக்கீல்களை வைத்துப் புதுக்கதை எழுத என்றைக்காவது அனுமதி கிடைத்தால், அது எப்படி வர வேண்டும் என்பதை இப்போதே யோசிக்கலாம். படைத்தவர் பெயர் ஒரு வரி. தொடர்ந்து எழுதுபவர் பெயர் அதே அளவு எழுத்தில் அடுத்த வரி. மொழிபெயர்ப்பானால் மொழிபெயர்த்தவர் பெயர் மூன்றாவது வரி. மறைந்திருக்க விரும்புபவர் தாமே தேர்ந்தெடுத்த ஒரு புனைபெயரை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயர் அவரோடு போக வேண்டும், நிறுவனத்தோடு தங்கக் கூடாது. பழைய தொடர்களை மறுபடி அச்சிடுபவர்கள், சம்பளப் பதிவேடுகளையும் அந்த அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களின் நினைவையும் கொண்டு, எந்தத் தொடர் யாருடையது என்று முடிந்தவரை முன்பக்கத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு மூன்று வரி மை. நிறுவனங்கள் தயங்குவது மைக்காக அல்ல. பெயர் பெற்ற எழுத்தாளர் அடுத்த முறை கூடுதல் சம்பளம் கேட்பார், வேறு இடத்துக்கும் போவார் என்பதற்காக. அந்தப் பயம் நியாயமானதே. எழுத்தாளர் அப்படிக் கேட்கத்தான் வேண்டும். தன் வேலையைத் தன்னுடையது என்று காட்ட முடிகிற எந்தத் தொழிலாளியும் கேட்பதுதான் அது. வேதாளம் எத்தனை கதை வேண்டுமானாலும் சொல்லட்டும், எத்தனை பேர் வேண்டுமானாலும் அதற்கு எழுதிக் கொடுக்கட்டும். கதை யாருடையது என்று கேட்டால் மௌனம் காக்கும் உரிமை மட்டும் பதிப்பாளருக்கு இருக்கக் கூடாது.